மூன்றாம் நபர் காப்பீட்டுத் தொகையை எனக்குத் தெரியாமல் குறைத்தது குறித்து

அனுப்புநர்:
மூக்குக் கண்ணாடிக் கடை உரிமையாளர்,
மருத்துவமனைச் சாலை.

பெறுநர்:
காப்பீட்டுக் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: கேட்ட காப்பீடு ஒன்று, தலையில் கட்டியது வேறொன்று – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு என் காரின் காப்பீட்டைப் புதுப்பிக்க முகவர் கடைக்கு வந்தார். கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சாவி தொலைந்தால் இவ்வளவு, பெயிண்ட் உரிந்தால் இவ்வளவு என்று அரைமணி நேரம் அளந்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்று: என் காரால் பிறருக்குக் காயம்பட்டால் நிறுவனம் கொடுக்கும் மூன்றாம் நபர் தொகை, உள்ளதிலேயே அதிகமாக இருக்க வேண்டும். என் தம்பியை ஒரு வேன் இடித்தபோது, அந்த வேனின் காப்பீடு போதாமல் நாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். "என் வண்டிக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை. என்னால அடிபட்டவங்க நடுத்தெருவுல நிக்கக் கூடாது" என்றேன். அன்று மாலை அதையே குறுஞ்செய்தியாகவும் அனுப்பினேன். "சரி சார்" என்று பதில் வந்தது. நகல் இணைத்துள்ளேன்.

2. நான்கு மாதங்களுக்கு முன் என் மனைவி மருந்துக் கடை வாசலில் காரைப் பின்னோக்கி எடுத்தபோது, ஸ்கூட்டரில் வந்தவரை இடித்துவிட்டார். தவறு முழுக்க எங்களுடையது, மழுப்பவில்லை. அடிபட்டவர் டைல்ஸ் பதிப்பவர். மண்டியிட்டுச் செய்யும் வேலை. நொறுங்கியது வலது முழங்கால்.

3. இரண்டாவது அறுவை சிகிச்சையோடு காப்பீட்டுத் தொகை தீர்ந்தது என்றார்கள். அப்போதுதான் பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாம் நபர் தொகை உள்ளதிலேயே குறைந்தது. நான் கேட்காத சாவியும் பெயிண்டும் அதில் இருந்தன. அவற்றுக்குத்தான் கமிஷன் அதிகமாம். என் காரின் பம்பரை நான்கே நாளில் மாற்றி, கழுவித் துடைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த வாரம் அடிபட்டவரின் மனைவி கடைக்கு வந்தார். "உங்க கார் வீட்டுக்கு வந்துடுச்சு. அவரு இன்னும் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் தேவலை.

4. முகவரிடம் கேட்டேன். "கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்க, பொடி எழுத்தைப் படிக்கலையா சார்?" என்று சிரித்தார். படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறுதான். ஆனால் எழுத்தில் "சரி" என்று சொல்லிவிட்டு வேறொன்றைக் கொடுப்பதற்கு என்ன பெயர் ஐயா? பவர் மாற்றிக் கண்ணாடி கொடுத்துவிட்டு, பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா என்று நான் கேட்டால் யாராவது சும்மா விடுவார்களா? நிறுவனத்தின் பதிலோ ஒரே வரி: "தங்கள் கையொப்பம் உள்ளது."

5. காரை விற்றுவிட்டேன். அந்தப் பணத்தில் அடிபட்டவருக்கு மூன்றாவது அறுவை சிகிச்சை சென்ற வாரம் நடந்தது. அவர் இனி மெல்ல நடப்பாராம், மண்டியிட முடியாதாம். அவர் முகத்தைப் பார்க்க என் மனைவிக்கு இன்னும் துணிவு வரவில்லை.

ஆகவே, நான் கேட்டிருந்த தொகையின்படி அவருக்குரிய இழப்பீட்டை வழங்க நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டும். எனக்கு ஒரு காசும் வேண்டாம். முகவரின் உரிமத்தை ரத்து செய்ய வேண்டும். மூன்றாம் நபர் தொகையை வாடிக்கையாளர் தம் கையால் எழுதிய பிறகே இனி எந்தப் பத்திரமும் செல்லும் என்று ஆணையிட வேண்டும்.

விசாரணைக்கு வர அடிபட்டவரும் சம்மதித்திருக்கிறார். தங்கள் அலுவலகம் இரண்டாம் மாடியில் உள்ளது. லிஃப்ட் பழுது என்று வாசலில் ஒட்டியிருக்கிறது. அவரைப் படியேற வைக்காமல், தாங்கள் கீழே இறங்கி வந்து விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: மூன்றாம் மாதம், 11
இடம்: மருத்துவமனைச் சாலை

இப்படிக்கு,
(ஒப்பம்)
கண்ணாடிக் கடைக்காரர்