கம்பெனி கேட்டுக்குப் போகும் கேரியர்

என் அருமை அப்பாவுக்கு,

அம்மா இன்னமும் உங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். யாரிடம் சொல்லி அழுவது என்று தெரியாமல்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் போவதற்கு முன்பே உங்கள் கம்பெனி போய்விட்டது. நீங்கள் மிஷினில் தகடு அழுத்திய பிரஸ் ஷாப் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள், நடுவில் நீச்சல் குளம் வேறு. தாம்பரத்தில் குடிக்கத் தண்ணீர் லாரியில் வருகிறது, இவர்களுக்கு நீந்தத் தண்ணீர்! பழைய கேட்டின் இரண்டு தூண்களை மட்டும் இடிக்காமல் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறதாம். அந்தத் தூண்கள்தான் எங்களைப் படுத்தி எடுக்கின்றன.

உங்களுக்குத் தெரியாததா? மதியச் சங்கு ஊதும்போது பெண்களெல்லாம் அந்தக் கேட்டில் நிற்பார்கள். நிறைந்த கேரியர் உள்ளே போகும், நேற்றைய காலி கேரியர் வெளியே வரும். காலி கைக்கு வந்தால்தான் மனுஷன் சாப்பிட்டான் என்று அர்த்தம். அது வராமல் அம்மா ஒரு அடி நகரமாட்டாள். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

அம்மாவுக்கு மறதி நோய் என்கிறார் டாக்டர். எனக்கென்னவோ, எல்லாம் மறந்த பிறகும் இது ஒன்று மறக்காமல் இருக்கிறதே, அதுதான் நோய் என்று தோன்றுகிறது.

கதவைப் பூட்டிப் பார்த்தேன். ஜன்னலில் நின்று தெருவையே கூட்டிவிட்டாள். "என்னைப் பூட்டி வச்சிகினு பெத்த அப்பனைப் பட்டினி போடறான் பாருங்க!" நீங்கள் இல்லை என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். "எப்படா? என்கிட்ட யாருமே சொல்லலையேடா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு அன்றைக்குத்தான் நீங்கள் செத்தீர்கள். மறுநாள் எழுந்து வழக்கம்போல அரிசி களைந்தாள். இனி அதைச் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

அதனால் வீட்டிலிருந்தே பார்க்கும் ஆபீஸ் வேலையை மதியம் விட்டுவிட்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே அவள் பின்னாலேயே போவேன். நல்லவேளை, அங்கே செக்யூரிட்டியாக வசந்தா அக்கா இருந்தார். "அண்ணன் ஷிப்ட்ல கீறாரும்மா, நான் குடுத்துடறேன்" என்று கேரியரை வாங்கி வைத்துக்கொண்டு, முந்தின நாள் கேரியரைக் கழுவித் திருப்பித் தருவார். சாப்பாட்டை அவரே சாப்பிடுவார். "உங்கம்மா கைமணம் சொல்லி மாளாது தம்பி, உப்புதான் ரெண்டு தபா போட்டுடுது" என்று என்னைக் கிண்டல் செய்வார். அந்த நாட்களில் அம்மா மதியம் நிம்மதியாகத் தூங்கினாள்.

போன மாதம் அக்காவைக் கூடுவாஞ்சேரி பக்கம் வேறு ஒரு அபார்ட்மென்டுக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்த பெரியவர் நேர்மையானவர், அதுதான் தொல்லை. கேட்டில் யாரிடமும் எதையும் வாங்கக் கூடாது என்று அவருக்கு உத்தரவாம். "அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்று சொல்லிவிட்டார். அம்மா கேரியரை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கையைப் பிடித்து இழுத்தால் உதறினாள். பொழுது சாய்ந்து, களைத்துப் போய்த்தான் எழுந்தாள். தினமும் இதே கதை.

குடியிருப்புச் சங்கத்துச் செக்ரட்டரி போன் செய்தார். "சார், எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு சார் பொறுப்பு?" அவரையும் குறை சொல்ல முடியவில்லை. நான் என்னதான் செய்வேன், சொல்லுங்கள்?

பீரோவிலிருந்து உங்கள் நீல யூனிபார்ம் சட்டையை எடுத்தேன். நீங்கள் அனுப்பியதாகச் சொல்லி நானே சாப்பாட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று யோசனை. யூனிபார்ம் இல்லாமல் அந்தக் கேட்டுக்குள் ஒருவரையும் விடமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியுமே, அதற்காகத்தான் சட்டை. பெரியவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "நின்னுக்கங்க, நான் பாக்கலை" என்று திரும்பிக்கொண்டார்.

காலி கேரியரோடு உள்ளே நின்றேன். அம்மா வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சட்டையைப் பார்த்தாள்.

"இன்னாடா இது, அப்பா சட்டை?"

"அவரு வேலையா கீறாரும்மா. என்னை வாங்கிகினு வரச் சொன்னாரு."

அவள் காதில் அது ஏறவேயில்லை. "உன்னை உள்ள சேத்துகினாங்களா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உங்கள் கம்பெனியில் மகனை எப்போது உள்ளே சேர்ப்பார்கள்? வேலையில் இருக்கும்போதே அப்பன் செத்தால்தான். எவன் வீட்டுப் பிள்ளையாவது திடீரென்று நீலச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கேட்டில் நின்றால், பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்களே. கம்பெனிக்காரர்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது எப்படி மறந்தது? அவளுக்கு மறக்கவில்லை அப்பா.

"மிஷின்லயாடா மாட்டிகினாரு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கேரியரை என் கையில் வைத்தாள். "நீயாவது சாப்பிடு, ஆறிடும்" என்றாள். காலி கேரியரை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். அந்தச் சட்டையோடு ரோடு முழுக்க அழுதுகொண்டே பின்னால் போனேன்.

அது நேற்று. இன்று காலை கண் விழித்தால் வீடெல்லாம் பாகற்காய் வாசம். நான் பாகற்காயைத் தொடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அது உங்களுக்குத்தான். அவளுக்கு மறுபடியும் நீங்கள் ஷிப்டில் இருக்கிறீர்கள்.

சட்டையைத் துவைத்து உள்ளே வைத்துவிட்டேன். இனி அதைப் போட்டு அவளிடமிருந்து உங்களைப் பறிக்கமாட்டேன். சிறுசேரி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டேன். குடை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே அவள் பக்கத்தில் நானும் உட்காரப்போகிறேன். அவர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால், வருவார் என்று சொல்வேன். காலி கேரியர் வராது, எனக்குத் தெரியும். ஆனால் அவள் எழுந்திருக்கும்வரை நானும் எழுந்திருக்கமாட்டேன் அப்பா. இது சத்தியம்.

கேட்டுக்கு வெளியே உங்களுக்காக அம்மாவோடு காத்திருக்கும்,
உங்கள் பிள்ளை செல்வம்