காயாத செம்பருத்தி

மார்ச் 3
புது விடுதியின் முன்கூடச் சுவர் இன்று முதல் என் வசம். இருபதடி அகலம், நான் நின்ற தோரணையில் பத்தடியாகச் சுருங்கிவிட்டது. சுவர் முழுக்கப் பூக்கள், நடுவில் ஆளுயரச் செம்பருத்தி, எல்லாம் எண்ணெய் வண்ணத்தில். வேலையை வாங்கிக் கொடுத்தது அக்கா மகள். வரவேற்பு மேஜையில் அவள் இன்னும் தற்காலிகம்தான். திறப்பு விழா நல்லபடி முடிந்தால் நிரந்தரமாம்.

"நிஜமாவே முன்னாடி எண்ணெய் வண்ணத்துல வரைஞ்சிருக்கீங்கல்ல மாமா? உங்களை நம்பித்தான் முதலாளியம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்."

"அதைக் கரைச்சுக் குடிச்சவன் கண்ணு, உன் மாமன்."

இத்தனை வருஷம் கடைப் பலகைகளுக்கு நான் அடித்த எனாமலும் ஒரு வகை எண்ணெய்தானே?

மார்ச் 7
வண்ணக் கடைக்காரர் புத்தி சொல்கிறார்: "அடிப் பூச்சுல எண்ணெய் கம்மியா வைங்க, மேல போகப் போகக் கூட்டுங்க." எனக்கேவா? பளபளப்பு அடியிலிருந்தே வரட்டும் என்று நடுப்பூவுக்கு ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக ஊற்றினேன். கொத்தனார் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார். சரி, மீசையைத் தடவிக்கொண்டார்.

மார்ச் 11
செம்பருத்தி இதழில் ஓர் ஈ ஒட்டிச் செத்துக் கிடக்கிறது. நிஜப் பூ என்று நம்பி வந்திருக்கும். வீட்டில் சொன்னேன். "பூவுக்குத் தேனீதானே வரும், ஈ எதுக்கு வருது?" என்றாள் மனைவி. பொறாமை.

ஆனால் இன்னுமா ஒட்டுகிறது? எனாமல் இந்நேரம் கல்லாகியிருக்குமே.

மார்ச் 12
டர்பன்டைன் நிறைய விட்டு மேல் பூச்சை மெல்லிசாக அடித்தேன். உடனே காய்ந்தது. நானா கொக்கா?

மார்ச் 14
வெடிப்பு. நடுப்பூ முழுக்க. மேலே காய்ந்து இறுகிவிட்டது, அடியில் எண்ணெய் இன்னும் ஈரம். அழுத்தினால் பாலாடை மாதிரி நழுவுகிறது. நாளை மறுநாள் திறப்பு.

அக்கா மகள் பார்த்துவிட்டாள். "இதழ் நரம்பு தெரியட்டும்னு நானே விட்டது" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ஒரு துண்டு பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது.

"எங்க மாமான்னு சொல்லித்தானே மாமா கூட்டிட்டு வந்தேன்."

என்ன செய்யப் போகிறேன்? மேலே இன்னொரு பூச்சு பூசி மூடிவிடலாமா? அப்புறம் உதிர்ந்தால்— பழி அவள் தலையில்.

மார்ச் 15
சுரண்டிவிட்டேன். பூ முழுவதையும். வெறும் சுவரில் கரித்துண்டால் மறுபடி வரைந்துகொண்டிருந்தபோது முதலாளியம்மா வந்தார்.

"என்ன, நடுவுல மொட்டையா நிக்குது?"

"பூ ஒரே நாள்ல மலருமாம்மா? வர்றவங்க கண்ணு முன்னாடியே, வாரா வாரம் ஒரு இதழா—"

"கதை நல்லாயிருக்கு. நடந்ததைச் சொல்லுங்க."

மேஜைக்குப் பின்னால் அக்கா மகளின் முகம் வெளுத்திருந்தது.

"எண்ணெய் வண்ணம் எனக்குப் புதுசும்மா. நான்தான் கெடுத்தேன். தெரியும்னு பொண்ணுகிட்டயும் பொய் சொன்னேன்."

"எப்பத் தயாராகும்?"

"தெரியலை."

என் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. முதலாளியம்மா கிட்டே வந்து கரிக்கோடுகளைப் பார்த்தார். "கோடு நல்லா விழுந்திருக்கு. பொறுமையா போடுங்க." அவ்வளவுதான். அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். இனி அவள் வேலை நிரந்தரமாகுமா?

மார்ச் 16
திறப்பு. கரிக்கோட்டுப் பூவின் முன் நின்று நூறு பேர் படம் எடுத்தார்கள். சரி, இரண்டு பேர். அவள் வேலை பற்றி இன்னும் பதில் வரவில்லை.

ஜூன் 20
அடியில் மெல்லிசு, மேலே போகப் போக எண்ணெய். இந்த உத்தியை இப்போது ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறேன், என் கண்டுபிடிப்பாக. வரவேற்பு மேஜையில் அக்கா மகளுக்குப் பித்தளையில் பெயர்ப் பலகை வந்திருக்கிறது. யாரிடமோ சுவரைக் காட்டி, "எங்க மாமா போட்டது" என்றாள்.

புதுச் செம்பருத்தியின் இதழில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். காலைத் தேய்த்துக்கொண்டது. பறந்து போய்விட்டது.