மாலி சம்மதிக்க வேண்டும்

அன்பு மகன் வீரயுத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் குட்டிப் பெண் மாலி மூவரும் சாப்பிட்டு நடமாடிக்கொண்டு நன்றாக இருக்கிறோம், அங்கே தைவான் குளிரில் உனக்கு இருமல் சளி ஒன்றும் அண்டாமல் இருக்க வேண்டும் என்று புத்தர் முன்னால் ஊதுபத்தி கொளுத்தி வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் மாலி என் தோளைத் தொற்றிக்கொண்டு உன் முகத்தைப் பார்க்கிறாள், உன் அம்மா பின்னால் நின்று மூக்கைச் சிந்துகிறாள், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் இந்த விஷயத்தை என்னால் சொல்ல முடியாது. உன் தொழிற்சாலைக்கே வேலைக்குப் புறப்படும் மேலத் தெரு வினாய் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி.

மரவள்ளி தோண்டி முடிந்தது. கிழங்கு பரவாயில்லை, விலைதான் வழக்கம்போல ஆலைக்காரன் வைத்ததுதான். நீ போட்டுக் கொடுத்த கூரை சொட்டுச் சொட்டாகக்கூட ஒழுகவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனால் வாய்க்கு ஒரு வலியும் இல்லை, காலையில் மீன் ஊறல் ஜாடியைத் திறக்கும்போது ஆரம்பித்தால் இருட்டும் வரை ஓடுகிறது. மாலிக்குக் காது ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, இப்போது சீழ் வருவதில்லை, பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புகிறாள். இதை உனக்குப் போனில் சொன்னோம். ஆனால் அந்த ஆபரேஷன் எப்படி நடந்தது என்பதைச் சொல்லவில்லை. அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். மயக்க மருந்து கொடுப்பதற்குக் கையெழுத்து வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள், நான் பேனாவை எடுத்தேன், அவள் காகிதத்தை இழுத்துக்கொண்டாள். தாத்தா போடக் கூடாதாம். அப்படியென்றால் அவள் அப்பாவிடம் போனில் பேசுங்கள், அவன் வாயாலேயே சரி சொல்வான் என்றேன். பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, கல்யாணப் பதிவு எங்கே என்று கேட்டாள். மகனே, நீயும் ரட்சனியும் கல்யாணம் செய்துகொண்டதை இந்த ஊரே பார்த்தது. பிக்குகள் வந்து ஓதினார்கள், பெரியவர்கள் எல்லாரும் உங்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள், பன்றி அடித்து மூன்று தெருவுக்குச் சாப்பாடு போட்டோம், உன் சித்தப்பா குடித்துவிட்டுக் கால்வாயில் விழுந்தார். ஆனால் பிக்கு குறித்துக் கொடுத்த நல்ல நாள் ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குத் தாலுகா ஆபீஸ் பூட்டியிருந்தது. அடுத்த நாள் போய் எழுதிக்கொள்ளலாம் என்றோம், அடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது, எல்லாரும் நாற்று நடப் போய்விட்டோம். அதோடு சரி. நம் ஊரில் பாதிப் பேர் கல்யாணம் இந்தக் கதைதான், யாருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றியதே இல்லை.

தாலுகா ஆபீஸில் பதிவுப் பிரிவில் இருக்கிறாளே ஓரதாய் என்கிற பெண், நம் பள்ளிக்கூட வாத்தியார் மகள், அவளிடம் போய்ச் சண்டை போட்டேன். பிறப்புச் சான்றிதழில் அப்பா என்ற இடத்தில் என் மகன் பெயர் இருக்கிறதே, இது என்ன பூனையின் பெயரா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "பேரு இருக்கு ஐயா, ஆனா அது யாரு பெத்தாங்கனு சொல்ற பேருதான். கல்யாணம் பதியலேன்னா சட்டத்துக்குக் கொழந்தை அம்மாவோடது மட்டுந்தான். அப்பாவுக்கே உரிமை இல்லேங்கிறப்ப, அப்பாவோட அப்பா நீங்க எங்க வர்றீங்க?" என்றாள். ராத்திரியெல்லாம் காதைப் பிடித்துக்கொண்டு அழுதவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான், ஆனால் காகிதப்படி மாலிக்கு நான் அடுத்த வீட்டுக்காரன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

உயிர் போகிற அவசரமென்றால் டாக்டரே பார்த்துக்கொள்வாராம். காது அப்படிப்பட்ட அவசரம் இல்லை, விட்டால் செவிடாகும், அவ்வளவுதான். ஆகவே நம்மை விட்டுப் போன ரட்சனியைத் தேட வேண்டியதாயிற்று. உன் அம்மா வேண்டவே வேண்டாம் என்றாள். "அவளக் கூப்பிட்டா கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போவாளா? கொழந்தையையும் தூக்கிட்டுப் போயிருவா, அப்புறம் நீயும் நானும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கூப்பிட்டால் பிள்ளை போகும், கூப்பிடாவிட்டால் பிள்ளையின் காது போகும். ரட்சனியின் அத்தையிடம் நம்பர் வாங்கி நான்தான் பேசினேன். ரயோங் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் சமைக்கிறாளாம், லாரி ஓட்டுகிறவன் ஒருவனோடு குடித்தனம். முழுதும் சொல்லி முடிப்பதற்குள் வருகிறேன் என்றாள். மறுநாளே பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

கையெழுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரியில் மாலியோடு படுத்துக்கொண்டாள். உன் அம்மா வார்டுக்குள் வந்தால் இவள் வெளியே போவாள், இவள் உள்ளே இருந்தால் உன் அம்மா வர மாட்டாள், நடுவில் நான் சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் அலைந்தேன். முதல் நாள் மாலி அவளைப் பார்த்துக் கும்பிட்டாள், வெளியாளைக் கும்பிடுகிற மாதிரி. நாலைந்து நாளில் அவளிடம் தலை பின்னிக்கொண்டு சிரிக்கிறாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அவள் சிரித்தது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ரட்சனி விஷயத்தைச் சொன்னாள். மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் மாலியை ரயோங்குக்குக் கூட்டிப் போகிறாளாம், பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாளாம். உன் அம்மா சும்மா இருப்பாளா, "நடக்கப் பழகுன கொழந்தைய விட்டுட்டு ஓடிப்போனவ இப்ப எந்த மூஞ்சியோட வந்து கேக்குற?" என்றாள். ரட்சனி குரலை உயர்த்தவில்லை. "நான் ஓடிப்போகல அத்தை, வேலைக்குப் போனேன். உங்க பையனும் அதேதான் செஞ்சாரு. அவர யாரும் ஓடிப்போனாருன்னு சொல்லலையே" என்றாள். மகனே, உன் அம்மா மீன் ஊறல் ஜாடியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு டவுனில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். தாத்தா பாட்டி கோர்ட்டில் கேட்கலாமாம், ஆனால் தாய் சரியில்லை என்று காட்ட வேண்டுமாம். "குடிப்பாங்களா, அடிப்பாங்களா, அந்த லாரிக்காரர் எப்படி, ஏதாவது கொண்டு வாங்க" என்றார். உன் அம்மா ஏதேதோ சொல்லத் தயாராக இருந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் குடிப்பதில்லை, அடிப்பதும் இல்லை. பொய் சொல்லி ஜெயித்தாலும் நாளைக்கு மாலி பெரியவளாகி அந்தத் தீர்ப்பை வாங்கிப் படிப்பாளே, என் தாயைப் பற்றித் தாத்தா இப்படிச் சொன்னாரா என்று கேட்பாளே. அதற்காக உன் அம்மா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை, அதில் ஒரு பக்கம் நிம்மதியாகவும் இருந்தது.

கடைசியாக ஓரதாய்தான் ஒரு வழி சொன்னாள். நீ அப்பா என்று இப்போதும் பதியலாமாம். அதற்கு நீ இங்கே வர வேண்டும் என்றுகூட இல்லை, அங்கே இருக்கிற நம் நாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் காகிதம் இங்கே வருமாம். பதிந்துவிட்டால் உனக்கும் சமமான பேச்சு உண்டு, உன் சார்பாக நாங்கள் வைத்துக்கொள்ளவும் முடியும், ரட்சனி ஒருத்தியாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் தாய் சம்மதிக்க வேண்டும், பிள்ளையும் தன் வாயால் சம்மதிக்க வேண்டும். ஒன்றும் புரியாத கைக்குழந்தை என்றால் கோர்ட்டுக்குப் போக வேண்டுமாம், மாலிக்கு வயது போதும், அவளையே கேட்பார்களாம். ரட்சனி எங்கே சம்மதிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே, லீவு சொல்லிவிட்டு மாலியோடு இருந்த அவளிடம் அரை மனதோடு கேட்டேன். "மாலி சரின்னு சொன்னா நானும் சரி மாமா. அவ மனசுல உங்க பையன்தான் அப்பான்னு இருந்தா நான் குறுக்க நிக்க மாட்டேன். அவ சொல்லலேன்னா, பரீட்சை முடியிற அன்னைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன், அப்ப நீங்க அழக்கூடாது" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். காரியம் முடிந்தது என்றே நினைத்தேன், ஏனென்றால் மாலி என் கைக்குள் இருக்கிற பிள்ளை, நான் சொன்னதைச் சொல்லுவாள்.

உண்மையைச் சொல்கிறேன், சொல்லிக் கொடுத்தேன். தாலுகா ஆபீஸுக்கு மோட்டார் சைக்கிளில் போகிற வழி முழுக்கச் சொல்லிக் கொடுத்தேன், ஆபீஸ் அக்கா சம்மதமா என்று கேட்டால் சம்மதம் என்று சொல்லு, வேறு ஒன்றும் பேசாதே என்று. சரி தாத்தா, சரி தாத்தா என்றாள். நீ எழுதிக் கொடுக்கும் முன்னால் பிள்ளை மனது என்ன என்று பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரதாய் சொல்லியிருந்தாள். எங்கள் எல்லாரையும் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு மாலியை மட்டும் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். "வீரயுத்னு ஒருத்தர் உன் அப்பான்னு எழுதப் போறோம், உனக்குச் சம்மதமா?" என்று கேட்டாள்.

மாலி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓரதாயைப் பார்த்து, "அவரு வந்தப்புறம் சொல்றேன்" என்றாள். இப்போதே சொன்னால் அவருக்குக் காகிதம் போய்விடும், அவர் வரவேண்டிய சிரமம் இல்லையே என்று ஓரதாய் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். "போன்லயே எல்லாத்தையும் முடிச்சுக்குறாரு அக்கா. பல்லு விழுந்தத போன்ல பாத்தாரு, காதுல கட்டுப் போட்டத போன்ல பாத்தாரு. இதுக்காவது வரட்டும்" என்றாள். அப்புறம் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே, "வந்தா திரும்பப் போயிருவாரா?" என்று கேட்டாள். ஓரதாய் என்னைப் பார்த்தாள், ரட்சனி என்னைப் பார்த்தாள், உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஓரதாய் பேனாவை மூடிவிட்டாள். இது வேண்டாம் என்பதும் இல்லை, சம்மதம் என்பதும் இல்லை, அதனால் எழுத முடியாது என்றாள்.

வெளியே வந்து மாலியைத் திட்டலாம் என்று நினைத்தேன், ஆனால் அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது. ரட்சனி அவளுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு அன்று மாலையே பஸ் ஏறினாள், பரீட்சை முடியும் தேதியை மட்டும் மறுபடி ஒரு தரம் கேட்டுக்கொண்டாள். இப்போது மாலி வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போகிறாள், கோழிக்குத் தீனி போடுகிறாள். உன் அம்மா அவளுடைய துணிகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டு, வைத்ததையே மறுபடி எடுத்துப் பிரித்து மடிக்கிறாள்.

நடுவில் வேலையை விட்டு வந்தால் உன்னை மறுபடி எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும், இந்த வருஷம் தாண்டினால் உனக்கு நல்ல இடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை எழுத உட்காரும்போது உன்னை வா என்று கூப்பிடக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ வந்தால் அங்கே கட்டியது கலையும், வராவிட்டால் இங்கே இருப்பது கலையும், எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். எனக்குப் பயமாக இருக்கிறது மகனே. ரட்சனியோடு போனால் பிள்ளை கெட்டுவிடுவாள் என்று பயமில்லை, நன்றாகத்தான் இருப்பாள், அதையும் பார்த்துவிட்டேன். நாம் யாரும் அவளுக்கு வேண்டியவர்களாக இல்லாமல் போய்விடுவோமோ என்றுதான் பயம். ஆகவே கூப்பிடுகிறேன். பரீட்சைக்கு முன்னால் வா.

கோயில் பிக்கு ஓதிக் கொடுத்த நூலை இதோடு வைத்திருக்கிறேன், வலது கையில் கட்டிக்கொள். மிஷினில் வேலை செய்யும்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள், பச்சைத் தண்ணீரில் குளிக்காதே, கோபம் வந்தால் ரட்சனிக்குப் போன் போட்டு ஒன்றும் பேசாதே, அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ நோய்நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க, பெற்ற பிள்ளை பக்கத்தில் இருக்க வாழ வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வந்து இறங்கியதும் மாலி உன்னிடம் அந்தக் கேள்வியைத்தான் கேட்பாள், திரும்பப் போவாயா என்று. போவதாக இருந்தால் போவேன் என்றே சொல்லிவிடு. அவளுக்குப் பொய் தெரிகிறது, அவள் சொல்லப்போகும் பதிலைச் சட்டமும் எழுதிக்கொள்ளும்.

இப்படிக்கு,
உன் வழியைப் பார்த்திருக்கும் அப்பா,
புன்சோங்