உயிரோடு இருக்கையில் வந்த கோடிச் சேலை

கொட்டகலை,
மேல் டிவிசன் லயம்.

அன்பு மகள் பிரியந்திக்கு,

கடல் தாண்டி இருக்கிற உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று முருகனைக் கும்பிட்டுவிட்டு அம்மா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்கவேண்டும், முதல் வரியிலேயே பொய் எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு நீ போனில் அழுத அழுகையில் ஒரு வார்த்தையும் எனக்கு விளங்கவில்லை, வேலையை விட்டுவிட்டு வரப்போகிறேன் என்றது மட்டும் விளங்கியது. நான் பதில் பேசாமல் இருந்தது உடம்புக்கு முடியாமல் இல்லை. உன் அண்ணி புஷ்பராணி போனைத் தன் கையில் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், பக்கத்துக் காம்பரா வீட்டில் நாங்கள் பேசுவதைக் கேட்க டீவியைக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் எல்லோரும் கொழுந்தெடுக்க மலைக்குப் போன நேரம் பார்த்து, மூன்றாம் வகுப்போடு நின்ற எழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரிகள் கோணலாகப் போனால் அது கண்ணில் உள்ள புரை, கையில் குற்றமில்லை.

நடந்ததை என் வாயால் கேள். புரையை எடுக்கிறதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வெள்ளை அணுக்கள் இருக்கவேண்டியதைவிட ரொம்பக் கூட என்று கண் ஆபரேசனை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் எடுத்தார்கள், அதிலும் கூட. அப்புறம் ஒரு டாக்டரம்மா, சின்ன வயது சிங்களப் பிள்ளை, கட்டி கிட்டி இருக்கிறதா என்று என் கழுத்தையும் கக்கத்தையும் அமுக்கிப் பார்த்துவிட்டு உன் அண்ணன் முத்துலிங்கத்திடம் சிங்களத்தில் பேசினாள். நான் கினிகத்தேனை பஜாரில் சிங்களப் பிள்ளைகளோடு உருண்டு வளர்ந்தவள் என்று அவளுக்குத் தெரியாது, இவனுக்குமா தெரியாது? அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இது இரத்தப் புற்றுநோயில் மெதுவாகப் போகிற வகையாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம், கண்டியில் வேறு விதமாக இரத்தத்தைச் சோதித்தால்தான் சொல்லமுடியும். அந்த வகைதான் என்றாலும் வயதானவர்கள் எத்தனையோ பேர் மருந்துகூட இல்லாமல் கிளினிக்குக்கு வந்து போய்க்கொண்டு வருசக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள், தேவைப்பட்டால் கொடுக்க மருந்தும் இருக்கிறது, அம்மாவுக்குப் பதமாக எடுத்துச் சொல்லுங்கள் என்றாள். இவன் என் பக்கம் திரும்பி, ஒன்னுமில்லம்மா, ஒடம்புல சத்து கொறைவாம், பீட்ரூட் சாப்பிடச் சொல்றாங்க என்றான். அந்தப் பிள்ளை பீட்ரூட் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் வந்து பஸ் ஏறினேன், இவன் எதுவரைக்கும் போகிறான் பார்ப்போம் என்று.

எதுவரைக்கும் போனான் தெரியுமா, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டு வரைக்கும் போனான். கண்டிக்கு என்னைக் கூட்டிப்போக லீவு கேட்டிருக்கிறான், கங்காணி விடுவாரா, ஒங்கம்மாவுக்கு அப்புடி என்னடா வந்துச்சு என்று கேட்டிருக்கிறார். இவன் அத்தனை ஆளும் கூடையோடு நிற்கிற இடத்தில் அம்மாவுக்கு ரத்தத்துல கேன்சருங்க என்று சொல்லி விக்கி விக்கி அழுதானாம். பெற்றவளுக்குப் பீட்ரூட், பெரட்டுக்குக் கேன்சர். பெரட்டில் ஒரு சொல் விழுந்தால் அது எத்தனை மலை ஏறும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அன்றைக்குப் பீலியில் தண்ணீர் பிடிக்க நான் குடத்தை வைக்கிறேன், பக்கத்துக் காம்பராக்காரி தன் குடத்தை மெல்ல இழுத்து அந்தப் பக்கம் வைக்கிறாள். அவளுக்கு இது ஒட்டுகிற வியாதியாம். நீங்க ஏன் பாட்டி வந்தீங்க, சொன்னா நாங்க புடிச்சுத் தர மாட்டோமா என்று வாய் குழைகிறது, கை குடத்தை இழுக்கிறது. பெரிய மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டுக் கிடந்த வருசம் அவள் மாமியார் வயிற்றுப்போக்கில் கிடந்தபோது அள்ளிக் கொட்டிக் கழுவிவிட்டது யார் கை? அவள் மறந்திருப்பாள். நான் செத்தாலும் மறக்கமாட்டேன். வீட்டுக்குள் வந்தால் உன் அண்ணி என் கோப்பையின் அடியில் நகச் சாயத்தால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். இது என்னாடி என்றால், பிள்ளைங்களுக்கு மாறிடக் கூடாதுல்ல மாமி என்கிறாள். உன் மகள் தனுஷிகா மட்டும் ஒன்றும் பேசாமல் தினமும் அந்தக் கோப்பையைத் தேடி எடுத்து உன் அண்ணி கண்ணுக்கு முன்னாலேயே அதில் தேத்தண்ணி குடிக்கிறாள். குணத்தில் அவள் என்னைக் கொண்டு பிறந்தவள், படிப்பு நன்றாகத்தான் போகிறது, அதைப் பற்றி நீ யோசிக்காதே.

இதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்கு வெறுத்துவிட்டது மகளே, வியாதியை இல்லை, மனிசரை. கண்டிக்குப் போகிற நாளன்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நான் எழும்பவில்லை. அந்தத் தேதி போய்விட்டது. அதைத்தான் அம்மா சாகத் துணிந்துவிட்டாள் என்று உன் அண்ணன் உன்னிடம் சொல்லியிருக்கிறான். நான் எதற்குச் சாகத் துணியவேண்டும்? இவர்களோடு ஒரே பஸ்ஸில் உட்கார அருவருப்பாக இருந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் பயமும் இருந்தது, அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன், போனில் கேட்டு ஊருக்குச் சொல்லிவிடாதே.

அப்போதுதான் நோட்டன் பிரிட்ஜிலிருந்து என் தம்பி சின்னத்தம்பி வந்து இறங்கினான். உன் தாய்மாமன். நீ வயதுக்கு வந்த சடங்குக்கு மாமன் சேலை கொண்டுவரவேண்டியவன், தோளில் ஒரு துண்டும் கையில் குடையுமாக வந்து நின்றானே, அவன்தான். நான் கொட்டகலை பஜாருக்கு ஓடி சரிபுதீன் நானா கடையில் ஒரு சேலை வாங்கிவந்து, பின்பக்கமாக அவன் கையில் கொடுத்து, அவன் கொண்டுவந்ததுபோல் தட்டில் வைக்கச் சொன்னேன். அதை அவன் தான் பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்ததாக நோட்டன் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அன்றைக்கு அவனோடு விட்ட பேச்சு. இப்போது வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, அக்கா, என்ன வளத்த அக்கா என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறான். நான் அசையவில்லை. ஆனால் கையில் கொண்டுவந்த பையை மட்டும் அவன் விடவில்லை, தேத்தண்ணி குடிக்கும்போதுகூட மடியில் வைத்துக்கொண்டிருந்தான், பிறகு கொண்டுபோய் மா போட்டுவைக்கிற பரலுக்குப் பின்னால் சொருகினான். அவன் பீலிக்குக் குளிக்கப் போனதும் நான் பையைத் திறந்தேன். உள்ளே மடிப்புக் கலையாத புதுச் சேலை, கரும்பச்சையில் மாம்பழக் கரை. கூடவே ஒரு பன்னீர்ப் போத்தல். பெண்பிள்ளை செத்தால் பிறந்த வீட்டுக் கோடிதான் முதலில் மேலே விழவேண்டும், பன்னீர் தெளிக்கவேண்டும், அது உனக்கும் தெரியும். உயிரோடு நடமாடுகிறவளுக்கு அவன் கோடி கொண்டுவந்திருக்கிறான்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவனிடம் சேலையைக் காட்டி என்னாடா இது என்றேன். இல்லக்கா, மழ நாளு, எந்த நேரம் மண்ணு சரியும்னு சொல்ல ஏலாது, நோட்டன்லருந்து அவசரத்துக்கு வந்து சேர முடியுமா, பொறந்த வீட்டுக் கோடி விழாம நீ போயிடக் கூடாதுல்ல, அதான் கையோட கொண்டாந்துட்டேன் என்கிறான். தூ என்று வாசலில் துப்பினேன். பூத்த பிள்ளைக்குச் சேலை இல்லாமல் வந்தவன், சாகாத அக்காவுக்கு முந்திக்கொண்டு வந்திருக்கிறான். பன்னீர்ப் போத்தலை அவன் கையில் கொடுத்து, இத நீ கொண்டுபோயி ஒன் தலையில ஊத்திக்க என்றேன். சேலைக்கும் கை நீட்டினான். இது எனக்குன்னுதானடா எடுத்த, நான் கட்டிக்கிறேன் என்று என் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கோடியை உயிரோடு கட்டக் கூடாது மாமி என்று உன் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் சட்டை தைக்கச் சேலையோடு உம்மு குல்சும் கடைக்குப் போனேன். உன் அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையில் கையைக் கட்டையாக வெட்டினவள் அவள், அதையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்ன விசேசம் அக்கா என்றாள், சொன்னேன், கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இந்த வியாதிப் பேச்சு தொடங்கினதிலிருந்து என் முன்னால் சிரித்த ஒரே மனிசி. பிறகு அளவு நாடாவை என் கையில் சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். மெலிஞ்சிட்டீங்க அக்கா, நல்லாவே மெலிஞ்சிட்டீங்க என்றாள். பீட்ரூட் என்று சொல்லவில்லை பார்த்தாயா. உள்ள துணி விட்டுத் தைக்கிறேன், ஒடம்பு தேறினா தையலப் பிரிச்சு விட்டுக்கலாம் என்றாள். அந்தச் சொல்லை நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

அதனால் கண்டிக்குப் போகிறேன். தனுஷிகா வேறு தேதி கேட்டு வாங்கிவிட்டாள், வருகிற வியாழக்கிழமை. முத்துலிங்கமும் வரட்டும், ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். டாக்டரிடம் நானே சிங்களத்தில் கேட்பேன். நல்லதோ கெட்டதோ என் காதில்தான் முதலில் விழவேண்டும், பிறகு நானே உனக்குச் சொல்லுவேன். அதுவரைக்கும் அண்ணன் அழுதான் அண்ணி அழுதாள் என்று மூட்டையைக் கட்டாதே. சைப்ரஸில் வேலையை விட்டு வந்தால் மறுபடி அந்த வாசல் திறக்காது, உன் பிள்ளையின் படிப்பு அதில் இருக்கிறது. நான் கூப்பிட்டால் வா, நான் கூப்பிடுவேன், ரோசத்தில் மறைக்கமாட்டேன், இது சத்தியம். இன்னொன்று, நீ பார்த்துக்கொள்கிற அந்தக் கிழவிக்கு எப்போதாவது இரத்தம் எடுத்தால் என்ன வந்தது என்று அவள் கையைப் பிடித்து அவளிடமே சொல்லு, மகன்மாருக்கு முதலில் சொல்லாதே.

குளிருக்குக் காதைக் கட்டிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. முருகனும் மாரியம்மாளும் உன் கூடவே இருப்பார்கள், நீ நூறு வயது நன்றாக இருக்கவேண்டும். லீவில் வரும்போது எனக்குச் சேலை எடுத்து வராதே. இருக்கிறது, வியாழக்கிழமை கட்டப்போகிறேன். என்றைக்காவது எனக்குக் கோடி வேண்டிவந்தால் உன் மாமன் வேறு ஒன்று வாங்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்று, இன்னும் லயத்துப் பீலியில் தன் குடத்துக்குத் தானே தண்ணீர் பிடிக்கிற
அம்மா.