மாமாவின் ஆல்பங்களைக் கேட்கும் வரிசை

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி நன்றாக இருப்பீர்கள் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். இங்கே மூன்று பேரும் இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் மாடி ஏறித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. நான் மருந்துக்கடைக்குக் காலையில் மட்டும் போய் வருகிறேன். மாமா உன் அறையில்தான் இருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கையும் பேச்சும் இன்னும் திரும்பவில்லை, ஆனால் தடியை ஊன்றிக் கூடம்வரை தானே வருகிறார், நாம் பேசுவதெல்லாம் நன்றாகப் புரிகிறது. அதனால்தான் போனில் சொல்லாமல் இப்படி எழுதுகிறேன். அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் வாய்விட்டுச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது.

உன் ஆபீசில் ஒருத்தர் மாமா பாட்டென்றால் உயிரை விடுகிறார், நீ அவருடைய சொந்தத் தங்கை மகள் என்று தெரிந்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார் என்று சொன்னாயே, அதைக் கேட்டு அப்பா இரண்டு நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டார். அப்போதுதான் நீ, "ஒன்பது ஆல்பம் போட்டிருக்காரு, நான் ஒண்ணுகூட முழுசா கேட்டதில்லம்மா, எதுல ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டாய். நான் அடுப்பில் ஏதோ வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன், அடுப்பில் ஒன்றும் இல்லை. நீ ஏன் இத்தனை வருஷம் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வீட்டில் உட்கார்ந்து எதையாவது பாடினால் மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். மாமாவுக்கு உன்னைப் பிடிக்காது என்று நீயும் ஒரு முடிவு கட்டிக்கொண்டாய். அவருக்குச் சத்தம் ஆகாது, பாட்டெழுதும் மண்டை, அப்படித்தான் இருக்கும் என்று நானும் ஏதோ சமாதானம் சொல்லி வைத்தேன். உண்மை என்னவென்று எனக்கே போன மாதம்தான் தெரிந்தது.

எதில் ஆரம்பிப்பது என்று வெளியில் யாரைக் கேட்டாலும் நாலாவதைத்தான் சொல்வார்கள், ரயில் நிலையத்துப் பெஞ்சு படம் போட்ட அட்டை. தப்பில்லை, அதிலிருக்கும் பாட்டெல்லாம் ஒரு தடவை கேட்டாலே வாயில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எனக்கு அந்த ஆல்பத்தோடு ஒரு தொந்தரவு உண்டு. மருந்துக்கடை ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் எனக்குப் பின்னால், மாத்திரை அடுக்கி வைத்திருக்கும் அலமாரிப் பக்கம், யாரோ நின்று கூடவே முனகுவது மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன், யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டில் கேட்டால் பக்கத்து அறையில் இருக்கும். எத்தனையோ தடவை கரண்டியோடு எழுந்து போய்ப் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் சொன்னேன், "உனக்குக் காதுல ஏதாச்சும் அடைச்சிருக்கும், உன் கடைலயே சொட்டு மருந்து வாங்கிப் போடு" என்றார். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள், "யாரும்மா மாமாகூடப் பாடறது?" என்று கேட்டாய். யாரும் இல்லையே என்று சொன்னேன். சொல்லிவிட்டு, நீ பார்க்காதபோது பக்கத்து அறையை எட்டிப் பார்த்தேன்.

உன் சித்தியை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். எனக்கு நேர் இளையவள், ஓர் இடத்தில் உட்கார மாட்டாள், அதனால் எங்களுக்கு அவள் நண்டு. மாமா முதல் ஆல்பம் போட்டபோது கூடப் பாட ஆள் வைக்க வசதியில்லை, இவளை இழுத்துக்கொண்டு போனார். நாற்காலிப் படம் போட்ட அந்த முதல் ஆல்பத்தில் இரண்டாவது குரல் முழுக்க அவள்தான். அதை முடித்த அன்றைக்குத்தான், ஸ்டுடியோவிலிருந்து திரும்பி வரும்போது, அவள் ஏறின பஸ் பாலத்துத் தடுப்பை இடித்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. அவள் எப்போதும் அதற்கு முந்தின பஸ்ஸில் வந்துவிடுகிறவள். அன்றைக்கு ஏன் அதை விட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. மாமாவைக் கேட்டோம். "அவ அப்பவே கிளம்பிட்டாளே, எங்க நின்னாளோ" என்றார். எங்கம்மா கண்ணை மூடுகிறவரை யார் வீட்டுக்கு வந்தாலும் அவர்களிடம் இதையே கேட்பார், தபால்காரரைக்கூட விடவில்லை, "நேரத்தோட கிளம்பின பிள்ளை ஏன் அந்த பஸ்ஸுல ஏறுச்சு?" என்று. மாமா அப்போதெல்லாம் அங்கேயேதான் இருப்பார், தரையைப் பார்த்துக்கொண்டு.

இப்போது மாமாவின் பாட்டுகளை வெளியிட்ட கம்பெனி ஒன்பது ஆல்பத்தையும் பழைய இரைச்சலெல்லாம் நீக்கிப் புதிதாக வெளியிடப் போகிறதாம். மாமா சம்மதம் சொல்ல வேண்டும் என்று ஒரு சவுண்ட் இன்ஜினியர் பெண் லேப்டாப்பும் ஸ்பீக்கருமாக வீட்டுக்கு வந்தாள். உன் வயதுதான் இருக்கும், நல்ல மரியாதை, வந்தவுடன் அவளாகவே போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தாள், எனக்குப் பிடித்துப்போனது. நாலாவது ஆல்பத்தின் முதல் பாட்டைப் போட்டாள். கண்ணாடி துடைத்த மாதிரி இருந்தது, கிடார்க் கம்பியில் அவர் விரல் நகர்வதுகூடக் கேட்டது. மாமா இடது கையால் நாற்காலியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஓர் இடம் வரும், அங்கே கை நின்றது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் அப்படியே இருந்தது. பிறகு அவர் மெல்லத் திரும்பி, யாரோ எழுந்து வெளியே போய்விட்ட மாதிரி, வாசல் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அறை முழுக்கத் தேடினார், என்னைப் பார்த்தார், மறுபடி வாசலைப் பார்த்தார். அப்புறம் தொண்டையிலிருந்து ஒரு சத்தம், அப்படி ஒன்றை அவரிடம் நான் கேட்டதில்லை. எழுந்து தடுமாறிப் போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

அந்தப் பெண் பயந்துபோனாள். "ஆன்ட்டி, பாட்டுல எதையும் நான் மாத்தல. பின்னாடி ரொம்ப லேசா ஒரு முனகல் இருந்துச்சு, பழைய டேப்ல முன்னாடி பதிஞ்சது சரியா அழியலன்னு நினைச்சு அதை மட்டும் எடுத்தேன்" என்றாள். எனக்கு மருந்துக்கடை அலமாரிப் பக்கம் கேட்ட முனகல் ஞாபகம் வந்தது. எடுத்ததை மட்டும் தனியாகக் கேட்க முடியுமா என்று கேட்டேன். முடியும் என்று தேடினாள், தேடத் தேட அவள் முகம் மாறியது. "இது ஒரே குரல் ஆன்ட்டி. ரெண்டாவது ஆல்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் எல்லாத்துலயும் இதே முனகலத்தான் சார் அடியில வச்சிருக்காரு. கம்பெனி பீரோவுல இருந்த பழைய டேப் எல்லாத்தையும் இதுல ஏத்தியிருக்கேன், இருங்க, இது எதுலேர்ந்து வந்ததுன்னு பாத்துடலாம்" என்று சொல்லி, ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டாள்.

கண்ணு, நண்டு என் காதுக்குள் பாடினாள். வார்த்தை இல்லாமல் வெறும் ராகம்தான், நடுவில் மூச்சு இழுப்பது தெரிந்தது. பாடி முடித்து, "போதுமாண்ணா? பஸ்ஸு போயிரும்" என்றாள். கொஞ்சம் தள்ளியிருந்து மாமா, அந்த வயசுக் குரலில், "இன்னொரு தடவை, நண்டு. இதான் கடைசி. அடுத்த பஸ்ஸுல போய்க்கலாம்" என்றார். அவள் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். அந்தக் கடைசித் தடவை பாடியதைத்தான் அவர் எட்டு ஆல்பத்துக்கு அடியிலும் வைத்திருக்கிறார். நான் ஹெட்போனைக் கழற்றினேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதைக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது பாவம், "அந்தப் பேச்சு எவ்வளவு அழகா இருக்குல்ல ஆன்ட்டி, கடைசிப் பாட்டுக்கப்புறம் அதை அப்படியே சேர்த்துரலாமா, ரசிகர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

அதற்குப் பிறகு சில நாள் நான் மாமாவோடு பேசவில்லை. சாப்பாடு கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன், சட்டை மாற்றிவிட்டேன், வாயைத் திறக்கவில்லை. இன்னொரு தடவை பாடச் சொன்னதற்காக இல்லை, பஸ் விழும் என்று யார் கண்டார்கள். எங்கம்மா வாசலில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தாரே, அதற்காக. அப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாடிக்குப் போய் அதிக நேரம் இருக்க ஆரம்பித்தார்.

அந்தப் பெண் பழைய ஆல்பங்கள் இருந்த பெட்டியைக் கூடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒரு மத்தியானம் நான் அதைத் திறந்து, மேலே இருந்ததை எடுத்துப் போட்டேன். கடைசியாக வந்த ஒன்பதாவது அது, வெறும் கை மட்டும் படம் போட்ட அட்டை. இருக்கிறாளா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இருக்கிறாளா இல்லையா என்றே சொல்ல முடியாது, சுவருக்கு அந்தப் பக்கம் அதற்கும் அந்தப் பக்கம் யாரோ இருப்பது மாதிரி. அதற்குக் கீழே இருந்ததைப் போட்டேன், கொஞ்சம் கேட்டது. இப்படியே ஒவ்வொன்றாகக் கீழே போகப் போக அவள் வீட்டுக்குள் வந்துகொண்டே இருந்தாள். நாலாவதில் அலமாரிக்குப் பின்னால். இரண்டாவது, படமே இல்லாத வெள்ளை அட்டை, அதில் என் தோளுக்குப் பக்கத்தில். எனக்குக் கழுத்து கூசியது, கண்ணு, ஆனால் எழுந்து போக மனசில்லை. முதல் ஆல்பத்தைப் போட்டதும் மறைவெல்லாம் போய்விட்டது. அண்ணனும் தங்கையுமாக நின்று, தொண்டையைத் திறந்து பாடுகிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் முந்துகிறார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, வெளியிட்ட வரிசையில் கேட்டால் அவள் ஒவ்வோர் ஆல்பமாகத் தூரம் போய்க்கொண்டே இருக்கிறாள். அவள் குரலை அடியோடு எடுத்துவிடவும் முடியாமல் கூட வைத்துக்கொள்ளவும் முடியாமல், அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

எழுந்து அவர் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். "அண்ணா, அதுக்கு நீ காரணமில்லன்னு நான் சொல்ல வரல, அது எனக்குத் தெரியாது. அம்மாகிட்ட சொல்லாம இருந்தது தப்பு. ஆனா இத்தனை வருஷம் இதை நீ தனியா சுமந்திருக்க வேணாம்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மூக்குக் கண்ணாடியெல்லாம் நனைந்துவிட்டது. அவர் இடது கையை நீட்டி என் கண்ணாடியைக் கழற்றினார், தன் சட்டை நுனியில் வைத்துத் துடைத்தார், ஒரு கையால் துடைத்ததில் முன்னைவிட அழுக்கானது, அதைத் திரும்ப என் மூக்கில் மாட்டிவிட அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. நான் அசையாமல் இருந்தேன்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, முனகலை எல்லா ஆல்பத்திலும் பழையபடியே வைத்துவிடச் சொன்னேன், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். பேச்சைச் சேர்க்க வேண்டாம், அது எங்கள் வீட்டுப் பேச்சு என்றேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். அவள் மறு பேச்சுப் பேசாமல் அப்படியே செய்துகொடுத்தாள்.

ஆகவே உன் ஆபீஸ்காரர் என்ன சொன்னாலும் சரி, நீ கடைசி ஆல்பத்தில் ஆரம்பித்துப் பின்னோக்கிக் கேட்டு வா. அவள் உன் பக்கமாக வரட்டும். ஒரே மூச்சில் கேட்காதே, பகலில் கேள், மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது கேள், தெருவில் நடந்துகொண்டு காதில் மாட்டிக்கொள்ளாதே. முதல் ஆல்பம் வரும்போது நீ திடுக்கிடுவாய். அதில் பாடுவது நீதான் என்று மாப்பிள்ளை சத்தியம் பண்ணுவார். நீ வளர வளர உன் தொண்டையில் அவள் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது, எனக்கே ஒருசில நேரம் அவள்தான் கூப்பிடுகிறாள் என்று தோன்றியிருக்கிறது, வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமா செருப்பைத் தேடியது உன்னைப் பிடிக்காமல் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி அப்பாவோடு ஸ்பீக்கரில் நீளமாகப் பேசினாயே, உனக்குத் தெரியாது, மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்து கதவருகே நின்றார். நீ போனை வைக்கிறவரை நின்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. வெளியேயும் போகவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இரண்டு பேரும் குறையொன்றும் இல்லாமல், ஒருத்தருக்கொருத்தர் ஒளிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசீர்வாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் மாமா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுப் பேசு. குழாயைப் பற்றியே பேசினாலும் பரவாயில்லை. அவரால் பதில் சொல்ல முடியாது, அதற்காக நிறுத்திவிடாதே.

உன் அம்மா