ரங்கூன் நர்ஸுக்கு இரண்டாவது கடிதம்

ஜூலை 4, 1942, சனி

காலை முதல் விடாத மழை. ஆபீஸ் அரை நாள். மாலையில் பம்பாய் மாதுங்கா தமிழர் சங்க அறை. பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு இங்கிலீஷில் மனு டைப் செய்து கொடுக்கும் வேலை, சனிதோறும். இன்று ஏழு பேர். ஆறு பேருக்குக் குமாஸ்தா வேலை மனு.

ஏழாவது ஞானம்மாள். முப்பது வயதுக்கு மேல், திருநெல்வேலிப் பக்கம். ரங்கூன் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் நர்ஸ், பெரும்பாலும் பிரசவ வார்டு. காட்டு வழியே நடந்து வந்தவள். இப்போது தாராவியில் அண்ணன் வீட்டில். தோல் பை தைக்கிறாள்.

"சர்டிபிகேட் எங்கே அம்மா?"

"பெட்டியோட ஆத்துல போயிட்டு, ஐயா. நான் கரை ஏறுனதே பெருசு."

இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வேலை காலி. பதிவு இல்லாமல் எடுக்க மாட்டார்கள்.

ஜூலை 7, செவ்வாய்

டிபன் வேளையில் கோட்டைப் பகுதிக்குப் போய் நர்ஸ் பதிவு அலுவலகம். குமாஸ்தா மராட்டியர், நல்ல மனிதர். "காகஜ் நஹி? தோ ஆத்மி கா சிட்டி லாவோ." காகிதம் இல்லையென்றால், ரங்கூனில் இவள் வேலையை நேரில் பார்த்த இருவரின் கடிதம். மாத முடிவுக்குள்.

ஒன்று கைவசம். ரங்கூன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் கல்கத்தா வந்து சேர்ந்திருக்கிறார், ஞானம்மாள் அந்த வழியாக வந்தபோது எழுதிக் கொடுத்தார். இரண்டாவதுக்கு யார்?

செருப்பு வார் அறுந்தது. மனைவி மீனாட்சிக்கு ஜலதோஷம்.

ஜூலை 9, வியாழன்

மீனாட்சிதான் சொன்னாள்: "கிங்ஸ் சர்க்கிள் சேஷன் மாமா ரங்கூன்லேர்ந்துதானே வந்தா? கேட்டுப் பாருங்கோளேன்." இது எனக்கு ஏன் தோன்றவில்லை!

மாலையில் போனேன். சேஷன், அங்கே அரிசிக் கம்பெனியில் அக்கவுண்டண்ட். போன தை மாசம் தம்பதியாகக் கப்பலில் வந்தவர்கள். நல்ல காப்பி. ஞானம்மாள் பெயரைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த நர்ஸா? எங்க குழந்தை அவ கையிலதான் ஸ்வாமி போச்சு. எங்கிட்ட வந்து கையெழுத்துக் கேக்கறேளே!"

உள் வாசற்படியில் அவர் மனைவி விசாலம். எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்தேன். காப்பி பாதி மீதம்.

ஜூலை 11, சனி

ஞானம்மாளிடம் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆமா ஐயா. கொடி கழுத்தச் சுத்திக் கெடந்துச்சு. டாக்டர் வரதுக்குள்ள விடிஞ்சு போச்சு. வார்டுல நான் ஒத்த ஆளு." பிறகு, "அவுககிட்ட இனி கேக்காண்டாம். பெத்தவுக மனசு எப்படி இருக்கும்?"

மனுவைத் திருப்பிக் கொடுங்கள் என்றாள். கொடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னேன்.

அவள் சொல்வது உண்மைதானா என்று ஒரு நினைப்பு. நான் டைப்பிஸ்ட், பிரசவம் பற்றி எனக்கு என்ன தெரியும்? சந்தேகப்பட்டதற்கு வெட்கம். ஆனாலும் சந்தேகம்.

ஜூலை 15, புதன்

தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் ஒரு மணி தாமதம், மானேஜர் முகம் கோணல். வேறு ரங்கூன்காரர் மூவரிடம் கேட்டாயிற்று. ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

ஜூலை 18, சனி

எதிர்பார்க்கவே இல்லை. ஐந்து மணிக்கு விசாலம் தனியாக சங்க அறைக்கு வந்தாள். புடவை ஓரமெல்லாம் சேறு. பெஞ்சில் ஞானம்மாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ஞானம்மாள் எழுந்து நின்றாள்.

விசாலம் என்னிடம், "லெட்டர் நான் தரேன். எழுதிக்கோங்கோ."

"ஆத்துல மாமா..." என்று இழுத்தேன்.

"அன்னிக்கு ராத்திரி அவர் வெளி வராந்தாவுல நின்னுண்டிருந்தார். உள்ள இருந்தது நான்னா? ரத்தம் நிக்கலை. விடியறவரைக்கும் என் வயத்தை அழுத்திப் பிடிச்சுண்டு, தூங்கப்படாது தூங்கப்படாதுன்னு பேசிண்டே இருந்தா. இன்னிக்கு நான் நடந்து வந்திருக்கேன்னா இவாளாலதான்."

அவள் சொல்லச் சொல்ல இங்கிலீஷில் டைப் செய்தேன். இரண்டு இடத்தில் தப்பு, மறுபடி அடித்தேன். படித்து அர்த்தம் சொன்னேன். தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம்தான் ஞானம்மாள் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்ட யாரும் சொல்லலை. அழுதானா?"

"ஒரு தடவை அழுதான், அம்மா. மெதுவா."

"அப்பறம்?"

"கால்மணி நேரம் இருந்தான். ஒரு கை உங்க வயித்துல, ஒரு கையில அவன். போற மட்டும் கீழ வைக்கல."

விசாலம் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஞானம்மாளும். நான் மெஷினை மூடிவிட்டு வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜூலை 20, திங்கள்

காலை பிளாட்பாரத்தில் சேஷன். என்னைப் பார்த்தார். பேப்பரை விரித்துக்கொண்டார்.

டிபன் வேளையில் கோட்டை. குமாஸ்தா கடிதத்தைப் படித்துவிட்டு, கையெழுத்துப் போட்டவருக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார். உத்தியோகம் இல்லை, அந்தப் பிரசவத்தில் தாய் என்றேன். மறுபடி படித்தார். உள்ளே எடுத்துப் போனார். அரை மணி. "டீக் ஹை," சரி என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸான மேட்ரன் வேலை வாங்கிப் பார்ப்பார், அதன் பிறகு முடிவு.

ஜூலை 24, வெள்ளி

மேட்ரன் அரை நாள் வார்டில் நிற்க வைத்தாராம். "கை வேலைய மறக்கல, ஐயா" என்றாள் ஞானம்மாள். முகத்தில் இன்றுதான் சிரிப்பு பார்த்தேன்.

ஜூலை 31, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது, சங்க விலாசத்துக்கு. மூன்று மாதம் தற்காலிகம், பிரசவ வார்டு, திங்கள் காலை ஏழு மணிக்குச் சேர வேண்டும். ஆபீஸிலிருந்து நேரே தாராவி. முழங்கால் வரை தண்ணீர்.

அண்ணன் வீட்டில் அவள் இல்லை. அடுத்த சந்தில் ஒரு பிரசவமாம். அந்த வீட்டு வாசலில் குடையோடு முக்கால் மணி. உள்ளே குழந்தைச் சத்தம். கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். உத்தரவைப் படித்துச் சொன்னேன். கண் கலங்கியது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"திங்கக்கெழமையா? முடியாதே ஐயா. இந்தப் பிள்ளைக்குத் தலப் பிரசவம், காய்ச்சல் வேற. அஞ்சு நாளாவது நான் பாக்கணும்."

எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

வியாழன் சேர அனுமதி கேட்டு மேட்ரனுக்கு ஒரு கடிதம். நாளைக் காலை முதல் காரியம் அதை டைப் அடிப்பது.