டிராக்டர் பெயிண்ட் பற்றிக் கேட்ட விக்டருக்கு

சேசு மரி சூசை துணை

சாந்தோம்,
மார்ச் 1948

மகன் விக்டருக்கு அப்பா இக்னேஷியஸ் எழுதுவது. ஈப்போவில் வேளைக்குச் சாப்பாடும் நல்ல தூக்கமுமாக நீ சௌக்கியமாய் இருப்பதாக எழுதியதைப் படித்தோம். இவ்விடத்துச் சௌக்கியத்தை நீ விசாரிக்கவில்லை, இருந்தாலும் சொல்லுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றவில்லை, கோயிலுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறாள். உன் தங்கை மர்சலினுக்குக் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மற்றபடி உன் கடிதம் முழுக்க டிராக்டர்தான். தோட்டத்துரை பழைய டிராக்டரைப் புதிதாக்கச் சொன்னார், முதல் தடவை பெயிண்ட் வழிந்துவிட்டது, இரண்டாம் தடவை சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிட்டது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். எனக்குக் கண் மங்கிப்போய் இந்த வேலையை விட்டு வெகுநாளாகிறது, ஆகையால் உன் அக்காள் நோராவின் புருஷன் ஆரோக்கியநாதனிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சிவப்புப் பெயிண்டைக் கண்ணாடி போல் அடிக்க சைதாப்பேட்டையிலேயே அவனை விட்டால் ஆளில்லை என்று உனக்கும் தெரியும். அவன் சிரித்துவிட்டு, காத்துல ஈரம் கீது மாமா, கம்ப்ரஸர்ல தண்ணி தேங்கிக்கினு கீது, அதான் வெளுக்குது என்றான். அப்புறம் வரிசையாகச் சொன்னான், அவன் சொன்னபடி எழுதுகிறேன்.

வண்டியின் மேல் இருக்கும் சேற்றையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவி வெயிலில் காயவிட வேண்டும். எண்ணெய் விரலளவு மிஞ்சினாலும் அந்த இடத்தில் பெயிண்ட் தோலாய் உரிந்து வரும். துருவை உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டுப் பிரைமர் அடி. டயர், ரேடியேட்டர், மீட்டர் எல்லாவற்றையும் காகிதம் ஒட்டி மூடு. தரையில் தண்ணீர் தெளித்தால் தூசி எழும்பாது. பெயிண்ட் பீய்ச்சும் கன்னை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதும் போகும்படி அடி. முதல் பூச்சு பனி படிந்தாற்போல் இருந்தால் போதும், நீ ஒரேயடியாக மூடப் பார்ப்பாய், அதனால்தான் வழிகிறது. இதைச் சொல்லும்போது அவன் தன்னையறியாமல் வலது கையை இப்படியும் அப்படியும் ஓட்டிக் காட்டினான். பிறகு அந்தக் கையைப் பார்த்தான். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன கை, ஒரு தம்ளரைக்கூட அதனால் பிடிக்க முடியாது. உடனே வேட்டிக்குள் மறைத்துக்கொண்டான்.

கடைசியாக ஒன்று சொன்னான். மழையா இருந்தா காயட்டும்னு உடச் சொல்லுங்க, அவசரப்பட்டுத் திரும்பவும் கரி அடுப்பைக் கொண்டாந்து வைக்கப் போறான் என்றான். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். திரும்பவும் என்றால் என்னடா என்று நான் விடவில்லை. போன ஐப்பசி மழையில் வேளச்சேரி ரகுபதியின் டிராக்டர் காயவில்லை என்று ஷெட் கதவைச் சாத்தி அடுப்பு மூட்டியது நீதான் என்று அப்போதுதான் வெளியே வந்தது. பெயிண்ட் கரைக்கும் தின்னரின் ஆவி பற்றிக்கொண்டபோது ஆரோக்கியநாதன் மட்கார்டுக்கு அடியில் படுத்து அடித்துக்கொண்டிருந்தான். நீ அவனை விட்டுவிட்டுச் சைதாப்பேட்டைப் பாலம்வரை ஓடினாய். பக்கத்து டீக்கடை மெஹபூப் பாஷா நனைந்த கோணியைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் அவனை இழுத்துவந்தார். மறுநாள், மச்சான்தான் அடுப்பு வைக்கச் சொன்னார் என்று ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாலும் நீ சொன்னாய். முகமெல்லாம் கட்டுப் போட்டுக் கிடந்தவன் ஆமென்று தலையை ஆட்டினான். ஏன்டா ஆட்டினாய் என்று கேட்டேன். கப்பல் ஏறப்போற பையன், போலீசு கீலீசுன்னு மாட்டிக்குவான், நோரா தாங்காது என்றான். அவன் மடத்தனத்தால்தான் தன் வாழ்வு கெட்டது என்று அந்த நோராவே இத்தனை மாதமும் அவனை ஏசியிருக்கிறாள். கஞ்சி ஊட்டும்போதுகூட ஏசுவாள். நீ அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கப்பல் ஏறினாய்.

நோராவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. புருஷன் காலடியில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. மறுநாள் நான் உனக்கு நிச்சயித்திருந்த ஃப்ளோரன்ஸ் வீட்டுக்குப் போய் அவள் தகப்பனாரிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண் கதவோரம் நின்று, அவர் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார் மாமா என்றாள். நெருப்பு வேண்டுமென்று வைத்ததில்லை, பொய் வேண்டுமென்று சொன்னது என்றேன். அழுதாள். அழட்டும் என்று இருந்தேன். பாஸ்காத் திருநாள் முடிந்து உங்கள் கலியாணத்துக்குக் கோயிலில் ஊரறிய ஓலை வாசிப்பதாக இருந்ததே, அதை வாசிக்க வேண்டாம் என்று சாமியாரிடம் நானே சொல்லிவிட்டேன். உன் அறையில் இப்போது நோராவும் ஆரோக்கியநாதனும் இருக்கிறார்கள், உன் கட்டிலை விறகுக்குப் பிளந்தாயிற்று. பெற்ற பிள்ளைக்குத் தபசு காலத்தில் இப்படி எழுதலாமா என்கிறாள் அம்மா. பாவத்தை நினைத்து மனம் வருந்தும் தபசு காலத்தில்தான் எழுத வேண்டும்.

கம்ப்ரஸர் தண்ணீரைத் தினமும் திறந்துவிட மறக்காதே. நெருப்பைக் கிட்டே கொண்டுவராதே. உன் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களை அந்தோனியார் காப்பாற்றட்டும், உனக்கென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டிராக்டர் நன்றாக வரும், சொன்னவன் கை அப்படிப்பட்டது. அம்மா தன் கையால் இரண்டு வரி எழுத அடியில் இடம் விடச் சொன்னாள். நான் விடவில்லை.

இப்படிக்கு
உன் தகப்பன்
இக்னேஷியஸ்